கோளும் மூச்சும்: வாரசரமும் கோளறு பதிகமும் – ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

மாநிலம் விட்டு மாநிலம் வந்தபோது நம்மோடு கூடவே வந்தவை சில உண்டு. மாரியம்மன் வந்தாள், பொங்கல் வந்தது, தினசரி நாள்காட்டி வந்தது, ஜாதக நோட்டும் வந்தது. ஏலப்பாறை, பீருமேடு, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தோட்ட லயங்களில் பெட்டியைத் திறந்தால் ரேஷன் கார்டுக்குப் பக்கத்திலேயே மஞ்சள் தடவிய ஜாதகம் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் நிற்கவில்லை என்றாலும், பெண்ணுக்கு வந்த வரன் தட்டிப்போனாலும், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு குமுளி இறங்கிக் கம்பம் பக்கம் போய்வருவது நம்ம பழக்கம். ஆடிச் சனிக்கிழமை என்றால் தேனி மாவட்டத்துக் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு ஒரு நடை.

இப்போது இந்தப் பழக்கத்தோடு யோகாசனமும் சேர்ந்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014 டிசம்பரில் அறிவித்தபடி, 2015 முதல் ஜூன் 21 சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் வகுப்புகள் நடக்கின்றன. நல்லதுதான். ஆனால் கூடவே 'கிரக தோஷம் நீக்கும் யோகாசனங்கள்' என்று அட்டவணைகளும் கைக்குக் கை வருகின்றன. சூரியனுக்குச் சூரிய நமஸ்காரம், சந்திரனுக்கு இடது மூக்கு மூச்சு, செவ்வாய்க்கு ஒரு ஆசனம், சனிக்குத் தலைகீழாக நிற்கும் ஆசனம் என்று ஒன்பதுக்கும் ஒன்பது கட்டம். 'நம் முன்னோர்கள் வகுத்தது' என்று தலைப்பில் போட்டுவிடுகிறார்கள்.

நான் சோதிடம் கற்றவன் அல்லன். தமிழ்ப் பாடம் நடத்திப் பழகியவன். ஆகவே கோள் உண்டா, பலன் உண்டா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. முன்னோர்கள் வகுத்தது என்கிறார்களே, அது எந்த நூலில், எப்படி இருக்கிறது என்பதே என் கேள்வி. தமிழில் கோளையும் மூச்சையும் சேர்த்துப் பேசிய திருமந்திரத்தையும், கோளைப் பெயர் சொல்லிப் பாடிய கோளறு பதிகத்தையும் கொண்டு இந்த அட்டவணைகளை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யோகம் – ஒரு சொல், மூன்று பொருள்

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. பதஞ்சலி சொல்லும் யோகம் மனத்தை அடக்கும் நெறி. சோதிட நூல் சொல்லும் யோகம் கோள்களின் சேர்க்கை. கஜகேசரி யோகம், ராஜயோகம் என்பன அவ்வகை. 'அவனுக்கு யோகம் அடிச்சிருச்சு' என்று நாம் பேசுவது இதிலிருந்து வந்தது. மூன்றாவது பஞ்சாங்க யோகம். திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்து உறுப்புகளில் அது ஒன்று. சூரியனும் சந்திரனும் நிற்கும் பாகைகளைக் கூட்டிக் கணக்கிடுவது. விஷ்கம்பம் முதல் வைதிருதி வரை 27.

மூன்றுக்கும் எழுத்து ஒன்று, பொருள் வேறு. முதல் யோகம் நாம் செய்வது. மற்ற இரண்டும் வானத்தில் தானே நடப்பவை. செய்வதையும் நடப்பதையும் ஒரே பெயரால் அழைப்பதனால், ஒன்றைச் செய்து மற்றதை மாற்றிவிடலாம் என்ற எண்ணம் எளிதாக மனசுக்குள் புகுந்துவிடுகிறது.

வடமொழி நூல்கள் சொல்வதென்ன?

பதஞ்சலி யோகசூத்திரத்தின் விபூதி பாதத்தில் சூரியன், சந்திரன், துருவ நட்சத்திரம் மூன்றும் வருகின்றன. அவற்றின்மேல் மனத்தை நிறுத்தினால் முறையே உலகங்களின் அறிவும், விண்மீன்களின் அமைப்பும், அவற்றின் இயக்கமும் விளங்கும் என்கிறார். அங்கே அவை அறியப்பட வேண்டிய பொருள்கள். அவற்றால் தீங்கு வரும் என்றோ, அதற்கு ஓர் ஆசனம் இது என்றோ பேச்சில்லை.

ஹடயோகப் பிரதீபிகை 15-ஆம் நூற்றாண்டினது என்று கருதப்படும் நூல். அது 15 ஆசனங்களை விவரிக்கிறது. மயூராசனம் வயிற்று நோய்களைப் போக்கும் என்பது போலப் பலனும் சொல்கிறது. சூரியன், சந்திரன் என்ற சொற்கள் அங்கும் உண்டு. அவை வலது, இடது நாடிகளின் பெயர்கள். சோதிடத்தின் பக்கம் வந்தால், பராசரர் பெயரில் வழங்கும் ஹோரா சாஸ்திரம் கிரக சாந்திக்கு ஜபமும் ஹோமமும் தானமும் சொல்கிறது, ஆசனம் சொல்லவில்லை. சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சித் தொடராக நாடு முழுக்கப் பரப்பியதில் 1920-களில் ஔந்து சமஸ்தான மன்னர் பவன்ராவ் பந்த் பிரதிநிதிக்குப் பெரும் பங்குண்டு. அவர் நோக்கம் உடல்நலம்.

இந்த நூல்களை வைத்துப் பார்த்தால், கோளுக்கு ஓர் ஆசனம் என்ற கட்டம் போட்ட அட்டவணை பிற்காலத்து ஒட்டுவேலை. புதியது என்பதனால் ஒன்று தவறாகிவிடாது. ஆனால் புதியதைப் பழையது என்று சொல்லி விற்பது சரியன்று.

திருமூலரின் வாரசரம்

தமிழில் நிலைமை கொஞ்சம் வேறு. பத்தாம் திருமுறையாகிய திருமந்திரம் ஒன்பது தந்திரங்கள் கொண்டது. மூன்றாம் தந்திரம் முழுவதும் யோகம். இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம் என்று அட்டாங்கத்தை விரித்துச் சொல்லி, பின்னால் ஆயுள் பரீட்சை, வாரசரம், வாரசூலம் என்ற தலைப்புகளைத் தருகிறார் திருமூலர். கோளும் மூச்சும் நேராகச் சந்திக்கும் இடம் இதுதான்.

வாரசரம் சொல்லும் கணக்கு எளியது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மூச்சு இடது நாசியில் ஓட வேண்டும். ஞாயிறு, செவ்வாய், சனி மூன்று நாளும் வலது. வியாழன் மட்டும் நிலவைப் பொறுத்தது: வளர்பிறையில் இடம், தேய்பிறையில் வலம். கிழமை என்பதே கோளின் பெயர்தானே. ஏழு கோளும் நம் இரண்டு மூக்குத் துவாரத்துக்குள் வந்து அடங்கிவிடுகின்றன. காலையில் எழுந்ததும் மூக்கருகே விரலை வைத்து எந்தப் பக்கம் மூச்சு ஓடுது என்று பார்க்கும் பழக்கம் சில பெரியவர்களிடம் உண்டே, அது இந்த வழி வந்தது.

இதை இயற்கை விதி என்று கொள்ளலாமா? கொள்வதற்கில்லை. மூக்கின் இரு பக்கமும் மாறி மாறி அடைத்துத் திறக்கின்றன என்பதை ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் கைசர் 1895-இல் எழுதினார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அது மாறும். ஆளுக்கு ஆள் வேறுபடும். கிழமை பார்த்து மாறுவதாகத் தெரியவில்லை. ஆனால் வாரசரத்தைப் பயிற்சியாக வாசித்தால் அதன் அழகு புரியும். தினமும் விடியலில் ஒரு மனிதன் வேறு வேலை தொடங்குமுன் தன் மூச்சைக் கவனிக்கிறான். செலவு ஒன்றுமில்லை, இடைத்தரகர் இல்லை. வானத்தைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டியவனை 'உன் மூச்சைப் பார்' என்று திருப்பிவிட்டார் திருமூலர். எனக்கு அதுதான் பெரிய காரியமாகப் படுகிறது.

வாரசூலம் நமக்கு இன்னும் நெருக்கம். திங்களும் சனியும் கிழக்கே சூலம், செவ்வாயும் புதனும் வடக்கே, ஞாயிறும் வெள்ளியும் மேற்கே, வியாழன் தெற்கே என்பது திருமந்திரக் கணக்கு. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பாருங்கள், அதே கணக்கு அப்படியே அச்சாகியிருக்கும். பக்கத்தில் பரிகாரமும் போட்டிருக்கும்: திங்கள், சனிக்குத் தயிர், செவ்வாய், புதனுக்குப் பால், ஞாயிறு, வெள்ளிக்கு வெல்லம், வியாழனுக்குத் தைலம். ஒரு கரண்டித் தயிரைக் குடித்துவிட்டு 'போய்ட்டு வர்றேன்' என்று கிளம்பினால் தீர்ந்தது. பரிகாரம் என்பது போகவேண்டியவனைப் போகவிடுவதற்காக ஏற்பட்டது. வீட்டுக்குள் கட்டிப்போடுவதற்கு ஏற்பட்டதல்ல.

கோளறு பதிகத்தின் வரிசை

இந்தப் போகவிடும் குணத்தைப் பெரிய அளவில் காட்டுவது கோளறு பதிகம். இரண்டாம் திருமுறையில் 85-ஆம் பதிகம், பண் பியந்தைக்காந்தாரம், பாட்டு பதினொன்று. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் திருமறைக்காட்டில் தங்கியிருந்தபோது, பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் மதுரைக்கு வரும்படி ஆள் அனுப்பினார்கள். புறப்படும் நேரத்தில் வயதில் மூத்த அப்பர் தடுத்தார்: கோள்நிலை நன்றாக இல்லை, போக வேண்டாம் என்றார். அதற்கு விடையாகப் பிறந்தது இப்பதிகம் என்பது பெரியபுராணம் தரும் செய்தி.

பாடிய பிறகு சம்பந்தர் என்ன செய்தார்? வேறு நாள் பார்க்கவில்லை. கிளம்பிவிட்டார். பதிகத்தைப் பற்றி எழுதுவோர் பலர் இந்தக் கிளம்பலை அழுத்திச் சொல்வதில்லை.

பாட்டுகளின் வரிசையைக் கவனியுங்கள். முதல் பாட்டில் ஞாயிறு முதல் சனி வரை ஏழும், பாம்பு இரண்டும் வந்துவிடுகின்றன. இரண்டாம் பாட்டு நட்சத்திரங்களை எண்ணால் குறிக்கிறது. பயணத்துக்கு ஆகாத நாள்கள் என்று உரைகாரர்கள் கொள்வர். ஆகக் கோளும் நாளும் இரண்டே பாட்டில் முடிந்தன. பிறகு திருமகள், நிலமகள், திசைத் தெய்வங்கள் வருகிறார்கள். நமனும் அவன் தூதரும் கொடிய நோய்களும் வருகின்றன. இடியும் மின்னலும் பூதமும் வருகின்றன. ஆறாம் பாட்டில் புலி, யானை, பன்றி, பாம்பு, கரடி, சிங்கம். ஏழாவதில் வெப்பு, குளிர், வாதம், பித்தம். இப்படி வானத்தில் தொடங்கிக் காட்டில் இறங்கி உடம்புக்குள் வந்து சேர்கிறது பாட்டு.

சமவெளியில் இருப்பவர்களுக்கு ஆறாம் பாட்டு கவிதை அலங்காரமாகத் தோன்றலாம். நமக்கு அப்படியில்லை. ஐப்பசி மாதத்து மத்தியான இடி, கொழுந்துக்காட்டுக்குள் காட்டுப்பன்றி, ராத்திரி லயத்தருகே யானை, மழைக்காலக் காய்ச்சல் எல்லாம் நம்ம பக்கத்தில் தெரிந்த முகங்கள். சனியைக் கரடிக்கும் காய்ச்சலுக்கும் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார் சம்பந்தர். தனி மரியாதை கிடையாது. யானைக்கு எப்படி ஒதுங்குவோமோ, காய்ச்சலுக்கு எப்படி மருந்து பார்ப்போமோ, அப்படி அன்றாடத் துன்பங்களில் அதுவும் ஒன்று.

அவை எல்லாம் நல்லவையாகும் என்பதற்கு அவர் சொல்லும் காரணமும் முக்கியம். இறைவன் என் உள்ளத்துக்குள் வந்து புகுந்துவிட்டான், அதனால்தான் என்று முதல் பத்துப் பாட்டிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கோளை இடம் மாற்றவில்லை. உள்ளத்தில் ஒன்று நிலைபெற்றது, அவ்வளவுதான். யோக நூல்கள் மனம் ஒன்றில் நிற்பது என்று சொல்வதற்கு இது வெகு அருகில் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பத்தாம் பாட்டில் புத்தரையும் சமணரையும் வாதில் வெல்வது பேசப்படுகிறது. அது அக்காலத்துச் சமயப் போரின் சுவடு. கடைசிப் பாட்டில் ஓதுவோர்க்குப் பலனும் உண்டு: வானில் அரசாள்வர் என்று ஆணையிடுகிறார். ஆனால் இன்ன ராசிக்கு இத்தனை நாள், இத்தனை தடவை என்ற பங்கீடு பதிகத்தில் எங்குமில்லை. அது நாம் சேர்த்தது.

சனிக் கணக்கு

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு இன்றைய அட்டவணைகளுக்கு வருவோம். அவற்றில் அதிக இடம் பிடிப்பவர் சனி. சனி ஒரு சுற்று வர ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம். ஒரு ராசியில் சுமார் இரண்டரை வருஷம். முன் ராசி, சொந்த ராசி, பின் ராசி மூன்றும் சேர்ந்தால் ஏழரை. எந்த நாளிலும் 12 ராசிகளில் 3-க்கு ஏழரை நடக்கும். நான்கில் இருந்தால் அர்த்தாஷ்டமம், ஏழில் கண்டகம், எட்டில் அஷ்டமம். கூட்டிப் பாருங்கள்: 6 ராசி. உலகத்தில் பாதிப் பேருக்கு எப்போதும் சனி பிடித்திருக்கிறது என்றாகிறது! பக்கத்து வீட்டு மலையாளிகளுக்கோ நான்கும் ஏழும் பத்தும் கண்டகம். 'கண்டகசனி கொண்டே போகும்' என்று பழமொழியும் வைத்திருக்கிறார்கள். ராசி ஒன்றாக இருந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் பயம் வேறு.

தேதியிலும் ஒற்றுமையில்லை. சனி மகரத்திலிருந்து கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நடந்தது 2023 டிசம்பர் 20. இடையில் பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதமும் ஒருவர் ஆசனத்தைத் தொடங்க வேண்டுமா, நிறுத்த வேண்டுமா? அட்டவணை போட்டவர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இது வெறும் கணக்குச் சண்டையாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். 2000-க்குப் பிறகு பீருமேடு வட்டாரத்தில் சில தேயிலைத் தோட்டங்கள் மூடிக் கிடந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தேயிலை விலை விழுந்தது, சம்பளம் பாக்கி நின்றது. அப்போதும் 'எனக்கு நேரம் சரியில்ல', 'வீட்டுக்காரருக்கு அஷ்டமச் சனி' என்று சொல்லக் கேட்டேன். ஒரு தோட்டம் பூட்டினால் பன்னிரண்டு ராசிக்காரனுக்கும் ஒரே நாளில்தான் சம்பளம் நிற்கிறது. அது ஜாதகத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பிழையைத் தன் பிறந்த நேரத்தின்மேல் போட்டுக்கொள்கிறவன் கூலியைக் கேட்க வாய் திறப்பதில்லை.

உடம்புக்கும் ஆபத்து உண்டு. காலம் முழுக்கக் கொழுந்துச் சாக்கைத் தலையிலும் முதுகிலும் சுமந்து கழுத்து தேய்ந்துபோன பெண்களிடம், சனிக்கு என்று தலைகீழாக நிற்கச் சொல்வது கொடுமை. இரத்த அழுத்தம், கண்ணில் நீரழுத்தம் உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனம் ஆகாது. ஆசனத்தை உடம்பைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ராசியைப் பார்த்து அல்ல. எங்க பக்கத்தில் ஒரு அக்கா, 'மண்டலம் முடியட்டும் தம்பி, அப்புறம் மாத்திரை சாப்பிட்டுக்கறேன்' என்று 48 நாள் கணக்கு வைத்துக்கொண்டிருந்தார். மாத்திரையை நிறுத்தச் சொல்லி எந்தத் திருமுறையிலும் இல்லை என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது.

கொள்ளத்தக்கது எது?

அப்படியானால் எல்லாவற்றையும் தூக்கி எறிவதா? பாரதியார் புதிய ஆத்திசூடியில் சோதிடத்தை இகழவும் வானநூலைப் பயிலவும் சொன்னார். அவ்வளவு தூரம் வர எல்லாராலும் முடியாது. முடியாதவர்களும் கொள்ளத்தக்கது நிறைய இருக்கிறது.

மெதுவான மூச்சு மனப்பதற்றத்தைத் தணிக்கிறது. இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்து லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நலமாக உள்ள 23 பேரை ஜெபமாலைச் செபமும் யோக மந்திரமும் சொல்லச் செய்து அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் சீர்பட்டது. கோயிலும் மாதா கோயிலும் அடுத்தடுத்து இருக்கும் நம் ஊருக்கு இது இனிப்பான செய்தி.

கோளறு பதிகத்தின் அடிகள் நீளமானவை. ஓர் அடியை ஒரே மூச்சில் இழுத்துப் பாடிப் பாருங்கள், மூச்சு தானாக நீளும். பண்ணோடு பாடுவதே ஒரு பிராணாயாமம். திருமூலர் சொல்லும் 16, 64, 32 மாத்திரைக் கணக்கை ஆசான் இல்லாமல் முயலக்கூடாது. 64 மாத்திரை அடக்குவது எல்லா உடம்புக்கும் தாங்காது. பாட்டுக்கு அந்த ஆபத்தில்லை. பாட்டியும் பேத்தியும் சேர்ந்தே பாடலாம். மலையாளப் பள்ளியில் படிக்கும் பேத்திக்குத் தமிழும் நாவில் ஏறும்.

முடிவுரை

கோளையும் மூச்சையும் சேர்த்துப் பேசியது நம் மரபுதான், அதில் ஐயமில்லை. ஆனால் எதற்காகச் சேர்த்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. திருமூலர் கவனத்தை வானத்திலிருந்து மூச்சுக்குக் கொண்டுவந்தார். சம்பந்தர் கோளின் பெயரை எல்லாம் சொல்லிவிட்டு வழிநடந்தார். இரண்டிலும் பயம் குறைகிறது. இன்றைய அட்டவணைகளோ நல்ல உடற்பயிற்சியை எடுத்து, அதன் தலையில் ஒரு பயத்தைக் கட்டிவிடுகின்றன. காலையில் ஆசனம் தவறிவிட்டால் 'சனி கோவிச்சுக்குமோ' என்று நாள் முழுக்கக் கலங்குகிறவருக்கு அந்த ஆசனத்தால் என்ன பயன்?

ஆகவே வாசக அன்பர்கள் கையில் எந்தப் பரிகாரத் தாள் வந்தாலும் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: இதைப் படித்தபின் என் பயம் கூடியதா, குறைந்ததா? குறைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால், அது எத்தனை பழைய பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும், திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட அந்தப் பிள்ளையின் வழி வந்ததல்ல என்பதே இக்கட்டுரையின் துணிபு.